ஸ்ட்ரெஸ்ஸுக்கு ஆப் போட்டால் உண்மையிலேயே குறையுமா?

ஓஎம்ஆர்_ஆந்தை:
வணக்கம் நண்பர்களே. சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் சப்போர்ட் வேலை, அமெரிக்க க்ளையன்ட் என்பதால் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து படுத்தாலும் தலைக்குள் க்ளையன்ட் புகார் டிக்கெட் ஓடிக்கொண்டே இருக்கிறது, சின்ன விஷயத்துக்கெல்லாம் வீட்டில் எரிந்து விழுகிறேன். போன மாதம் எச்.ஆர். எல்லோருக்கும் ஒரு வெல்னெஸ் ஆப்பின் சந்தாவை இலவசமாகக் கொடுத்தார்கள். திறந்ததுமே "இன்று மனநிலை எப்படி" என்று ஐந்து பொம்மை முகங்களைக் காட்டுகிறது. உண்மையைத் தட்டினால் மேனேஜர் வரை போய்விடுமோ என்ற பயத்தில் தினமும் சிரிக்கிற முகத்தையே தட்டிவிட்டு மூடிவிடுகிறேன். இந்த மாதிரி ஆப்பால் பலன் கண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? காசு கொடுத்து வேறு ஏதாவது வாங்கலாமா? "யோகா பண்ணு" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், அதை அம்மா தினமும் சொல்கிறார்.

மனசுக்காரி:
ஆலோசகராக வேலை பார்க்கிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்த ஆப்களில் எத்தனையோ இருக்கும், அவற்றில் கையோடு வேலை செய்வது மூச்சுப் பயிற்சிதான். சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அதை 6 தடவைக்குக் கொண்டுவந்து, இழுப்பதைவிட விடுவதை நீட்டினால் (4 நொடி இழுத்து 6 நொடி விடுங்கள், கணக்கு சரியாக வரும்) மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்கும். திரையில் விரிந்து சுருங்கும் வட்டம் அந்தத் தாளத்தைப் பழக்குவதற்குத்தான், பழகிவிட்டால் ஆப்பே வேண்டாம், போன் கால் வருவதற்கு முன்னால் நாற்காலியிலேயே செய்யலாம்.

இரண்டாவது, எழுதிப் பார்ப்பது. என்ன நடந்தது, அப்போது மனசில் என்ன ஓடியது, அப்படி நினைக்க ஆதாரம் என்ன. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் தொடங்கிவைத்த சிகிச்சை முறையிலிருந்து வந்தது இது. பெங்களூரில் உருவான வைசா என்ற ஆப் அரட்டை மாதிரி கேள்வி கேட்டு இதைச் செய்ய வைக்கும், மறுபக்கம் இருப்பது மனிதர் இல்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். மெடிடோ என்ற தியான ஆப் இலவசம், லாபநோக்கமில்லாத அமைப்பு நடத்துவது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசுத் துறை வெளியிட்ட மைண்ட்ஃபுல்னெஸ் கோச் என்ற ஆப்பும் இலவசம்தான், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் ஆங்கிலம் என்பதுதான் குறை. அப்புறம் அந்தச் சிரிக்கிற முகம்: பொய்யாகத் தட்டுவதென்றால் தட்டாமலே இருங்கள். எந்த நாளில், எந்த ஷிப்டில் மனசு கெடுகிறது என்று பிறகு திரும்பிப் பார்க்கத்தான் அது இருக்கிறது.

பூட்டுச்சாவி:
அவர் பயப்படுவதில் தப்பே இல்லை மேடம். பெட்டர்ஹெல்ப் கதை தெரியும்தானே? ஆன்லைனில் கவுன்சலிங் கொடுக்கும் பெரிய நிறுவனம், ஆட்களின் மின்னஞ்சலையும் மனநலக் கேள்விகளுக்கு அவர்கள் கொடுத்த விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக அமெரிக்க வணிக ஆணையம் பிடித்து, 2023ல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

தம்பி, கம்பெனி கொடுத்த ஆப்பில் எச்.ஆருக்குப் போவது மொத்தக் கணக்கா, ஆள்வாரியாகவா என்று மெயிலில் கேளுங்கள். வாயால் கேட்டால் "கவலைப்படாதீங்க" என்பார்கள், அவ்வளவுதான். ஆபீஸ் மெயில் இல்லாமல் உள்ளே போக முடியாது என்றால் நான் அதைத் தொடவே மாட்டேன். ப்ளே ஸ்டோரில் "டேட்டா சேஃப்டி" பகுதியையும் பாருங்கள், ஆனால் அதை நிரப்புவது ஆப் செய்தவர்களேதான்.

மூன்றாம்_ஷிப்ட்:
நானும் ராத்திரி ஷிப்ட்தான், ஆஸ்பத்திரியில். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். ஆளைக் குறைத்து, இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, மூச்சு விடக் கற்றுக்கொள் என்று ஆப்பைக் கையில் கொடுப்பது பானை ஒழுகும்போது தரையைத் துடைக்கத் துணி கொடுக்கிற கதை. போதாததற்கு ஒரு நாள் திறக்காவிட்டால் "உங்கள் தொடர் அறுந்துவிட்டது" என்று நோட்டிஃபிகேஷன், அது ஒரு புது டென்ஷன்! மக்களுக்கும் இது தெரிகிறது போல. மனநல ஆப்களைப் பற்றி 2019ல் வந்த ஓர் ஆய்வில், இறக்கியவர்களில் 30 நாள் கழித்தும் திறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான்.

தூக்கமும் கோபமும் வாரக்கணக்கில் இப்படியே போனால் ஆப்பை நம்பி உட்காராதீர்கள் சகோ. 14416க்கு அடியுங்கள், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022ல் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், தமிழில் பேசலாம். டாக்டர் தேவை என்றால் அவர்களே வழி சொல்வார்கள்.

ஓஎம்ஆர்_ஆந்தை:
எல்லோருக்கும் நன்றி. 4–6 மூச்சை நேற்று ஷிப்டிலேயே முயன்றேன், பக்கத்து சீட்காரர் தூங்குகிறேன் என்று நினைத்துத் தட்டி எழுப்பிவிட்டார். மெடிடோ போட்டுவிட்டேன், கம்பெனி ஆப்பை எடுத்துவிட்டேன், எச்.ஆருக்கு மெயில் போட இன்னும் தைரியம் வரவில்லை. ஒரே சந்தேகம், 14416ல் ராத்திரி 3 மணிக்கு எடுப்பார்களா? எனக்கு ப்ரேக் அப்போதுதான்.

மூன்றாம்_ஷிப்ட்:
24 மணி நேரச் சேவைதான் அது. மொழி கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வெளியே மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுங்கள், ஆபீஸ் போனிலிருந்து வேண்டாம்.