அலுவலகத்தில் பசுமை முயற்சி: பெங்களூரில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

அல்சூர்க்காரி:
காகிதக் கோப்பையை ஒழித்து ஸ்டீல் டம்ளர் வேண்டுமென்று மேலாளரிடம் மூன்று மாதம் மன்றாடியவள் நான். ஒருவழியாக 120 டம்ளர் வந்தது. முதல் நாள் மாலை ஆறேகாலுக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது பேன்ட்ரியில் விளக்கு எரிந்தது. தொட்டி நிறைய டம்ளர். அங்கே வேலை செய்யும் அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. "நல்ல காரியம்தான் பாப்பா. ஆறு மணி பஸ்தான் போய்விட்டது" என்றார். அவரை ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டேனே என்பது இன்னும் உறுத்துகிறது.

மாரத்தஹள்ளியான்:
அதற்காகப் பழையபடி காகிதக் கோப்பைக்குப் போய்விடாதீர்கள். டீ ஊறாமலிருக்க உள்ளே பிளாஸ்டிக் பூசியிருக்கிறார்கள். ஒன்றை இரவெல்லாம் தண்ணீரில் போட்டுவைத்துக் கூழை வழித்தேன். கோப்பையின் வடிவத்திலேயே மெல்லிய சவ்வு கையோடு வந்தது. மறுநாள் கூட்டத்தில் அதை மேசைமேல் வைத்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் 2019 தடையிலேயே இந்தக் கோப்பையும் சேர்ந்துவிட்டது. 2022 ஜூலையில் நாடு முழுக்க வந்த தடையிலோ, கோப்பைகளில் முழு பிளாஸ்டிக் கோப்பை மட்டும்தான் சேர்ந்தது.

வைட்ஃபீல்டு வாசகி:
எங்களுடையது குப்பைக் கதை. மாடிக்கு மூன்று தொட்டி. தயிர் டப்பாவைக்கூட அலசித்தான் போடுவோம். ஒருநாள் ஸ்கூட்டரை எடுக்கக் கீழ்த்தளத்துக்குப் போனால், ஒப்பந்தக்காரரின் பையன் மூன்றையும் ஒரே கறுப்புப் பையில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் அலசிய டப்பாவின்மேல் சாம்பார் வழிந்தது. "வருவது ஒரே வண்டி அக்கா, நான் என்ன செய்ய?" என்றான். மாடியில் இருப்பவர்களிடம் இதை இன்னும் நான் சொல்லவில்லை.

கோரமங்களா நான்காவது பிளாக்:
வைட்ஃபீல்டு அவர்களே, அந்தப் பையன்மேல் குற்றமில்லை, ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஈரக் குப்பைக்கும் உலர் குப்பைக்கும் தனித்தனி எடைச் சீட்டு கேளுங்கள். சீட்டு வந்தால்தான் பணம். 2012-இல், பெங்களூர்க் குப்பை கொட்டப்பட்ட மாவள்ளிபுரா கிராமத்து மக்கள் இனி உங்கள் குப்பை வேண்டாமென்று மறித்தபோது இந்த ஊர்த் தெருக்கள் நாறியதை நான் பார்த்தவன். இன்னும் சொல்கிறேன். ஏசியை 24-இல் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. பழைய மடிக்கணினியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். வடிகட்டி இயந்திரம் கழிக்கும் நீரைத் தரை துடைக்கப் பிடித்துவையுங்கள். 2024 கோடையில் குடிநீர் வாரியம் ஏரேட்டர், அதாவது குழாய் முனையில் நீரின் வேகத்தைக் குறைக்கும் சல்லடை மூடி, மாட்டச் சொன்ன பிறகுதான் நாங்களும் மாட்டினோம். சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி மேடேறி வரும் காவிரி, அதுவரை எங்கள் கைகழுவும் குழாயில் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

அல்சூர்க்காரி:
எல்லாம் சரி, நான் சொன்னது அக்காவைப் பற்றி. நேற்று என் டம்ளரை நானே கழுவினேன். வாங்கிக்கொள்ள அவர் கை நீட்டினார், கொடுக்கவில்லை. மீதி 119 இன்னும் அந்தத் தொட்டியில்தான் விழுகிறது.