மாமாவின் குடியை நிறுத்த எங்கே சேர்க்கலாம்?

வணக்கமுங்க. பவானியில் ஜமக்காளம் நெய்யும் எங்கள் மாமா 20 வருடமாகத் தினமும் குடிக்கிறார். இந்த ஆண்டில் மட்டும் 2 முறை நிமோனியா. போன மாதம் நூல் வெட்டும்போது கிழிந்த விரல் இன்னும் ஆறவில்லை; கட்டைப் பிரித்தால் ஓரம் வெளுத்து, நடுவில் ஈரம் கசிகிறது.

தொடர்ந்து குடித்தால் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும், நுரையீரலின் காவலும் தளரும், காசநோய்கூட எளிதில் பிடிக்கும் என்றார் டாக்டர். சளிப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். மாமாவோ, சரக்குதான் சளியை முறிக்கும் என்கிறார்.

திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாமாம், வீட்டில் வைத்து முயற்சி செய்ய வேண்டாம் என்றும் எச்சரித்தார். அதனால் ஈரோடு, பெருந்துறை, கோவைப் பக்கம் உள்நோயாளியாகச் சேர்த்துப் பொறுமையாகப் பார்க்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். செலவு எவ்வளவு ஆகும், கூட ஒருவர் தங்கலாமா? அத்தை தனியாகத் தவிக்கிறார்.