மறு: கர்ப்பகாலப் பித்தத் தேக்கம் – 'நீர்' எங்கே போனது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கர்ப்பத்தில் வரும் 'கொலஸ்டாசிஸ்' என்ற கல்லீரல் கோளாறுக்கு, பாடநூலிலும் தாய்மாருக்கான அறிவிப்பு அட்டையிலும் வைக்கத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்கு மருத்துவர் அம்மா முன்வைத்த 'கர்ப்பகாலப் பித்தத் தேக்கம்' எனக்கு நெருடுகிறது. 'கொலஸ்டாசிஸ்' என்பதை அது நேராகவே பெயர்க்கிறது; கிரேக்கத்தில் 'கொலே' பித்தநீர், 'ஸ்டாசிஸ்' நின்றுபோதல். ஆனால் மதுரைப் பக்கம் பித்தம் என்றால் தலைசுற்றல், குமட்டல், கசப்பு வாந்தி. மாசமாக இருக்கும் பெண்ணிடம் 'உனக்குப் பித்தம் தேங்கியிருக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். மாலைக்குள் இஞ்சிச் சாறும் எலுமிச்சம்பழமும் வந்துவிடும். ரத்தப் பரிசோதனைக்கு ஒருவரும் கிளம்ப மாட்டார்கள்.

என் அக்கா மகளுக்கு வாடிப்பட்டியில் புகுந்த வீடு. எட்டாம் மாதத்தில், இரவானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் நமைச்சல். தோலில் ஒரு தடிப்புகூட இல்லை, சொறிந்த கீறல்தான். 'குழந்தைக்கு முடி வளர்கிறது, அதுதான் அரிக்கிறது' என்று மாமியார் தேங்காய் எண்ணெய் தடவினார். (வயிறு அரித்தால் அப்படிச் சொல்வதுண்டு; அவர் அதை உள்ளங்கால் வரைக்கும் நீட்டிவிட்டார்.) கிராம சுகாதாரச் செவிலியர்தான் கேட்டவுடன் பரிசோதனைக்கு அனுப்பினார். பித்தநீரில் இருக்க வேண்டிய பித்த அமிலம் ரத்தத்தில் கூடியிருந்தது. அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரை, வாராவாரம் ரத்தப் பரிசோதனை, 37ஆம் வாரத்தில் பிரசவம். அதன் பிறகு சில நாட்களில் நமைச்சல் நின்றது. அடுத்த கர்ப்பத்திலும் வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

தாய்க்குத் தூக்கம் போகிறது. பெரிய ஆபத்து குழந்தைக்குத்தான். பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் அபாயம் தெளிவாகக் கூடுகிறது. ஆகவே 'நீர்' விடுபடக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். பித்தம் வேறு, கல்லீரல் சுரக்கும் பித்தநீர் வேறு.

'தேக்கம்' வேண்டாம், 'அடைப்பு' என்று வையுங்கள் என்றார் தேனி ஐயா. அடைப்பு என்றால் கல்லோ கட்டியோ வழியை மறிப்பது. இங்கே பித்தக் குழாய் திறந்தேதான் கிடக்கிறது. கர்ப்பத்தில் பெருகும் ஹார்மோன்களால் கல்லீரல் செல்கள் பித்த அமிலத்தைக் கல்லீரலுக்குள் ஓடும் நுண்ணிய பித்தநீர் வாய்க்கால்களுக்குள் தள்ள முடியாமல் திணறுகின்றன. அது ரத்தத்தில் ஏறுகிறது. கண்மாய்க் கணக்கில் சொன்னால், வாய்க்காலில் மண் சரியவில்லை, மடைப்பலகைதான் சரியாகத் தூக்கவில்லை. தண்ணீர் பின்னுக்கு ஏறுகிறது. தேக்கமே இருக்கட்டும், ஐயா.

முன்னொட்டில் எனக்கே இரண்டு மனம். 'பேறுகால' சரிவராது, தெற்கே பேறுகாலம் என்றால் பிரசவம், 'பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள்' என்போம். 'சூற்கால' கேட்கவே அழகு, சோழவந்தான் வயலில் நெல்லும் சூல் கொள்கிறது. ஆனாலும் 'கர்ப்பகால' என்றே விடுகிறேன். வடமொழி என்று சிலர் முகம் சுளிப்பது தெரியும். அட்டையைப் படிக்கப்போகிறவர் நம் குழுவில் இல்லை.

பாடநூலுக்கு 'கர்ப்பகாலப் பித்தநீர்த் தேக்கம்' போதும். தாய்மாருக்கு இன்னொரு பெயர் வேண்டும் என்பேன்: 'ஈரல் நமைச்சல்'. ஈரலா அரிக்கிறது என்று கேட்பீர்கள். அரிப்பது தோல், காரணம் ஈரல். பெயர் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. கல்லீரலா மண்ணீரலா என்ற குழப்பமும் வராது. மதுரை ஆட்டுக்கறிக் கடையில் மண்ணீரலுக்கு 'சுவரொட்டி' என்று தனிப்பெயர் உண்டு. ரத்தம் ஊறும் என்று கர்ப்பிணிகளுக்கு வாங்கிக் கொடுப்பதும் அதைத்தான். வெறும் 'ஈரல்' என்றால் கல்லீரலைத்தான் நிறுப்பார்கள்.

கர்ப்பத்தில் ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, கல்லீரல் நொதிகள் கூடி, தட்டணுக்கள் குறையும் 'ஹெல்ப்' (HELLP) நோய்க்குறித் தொகுதிக்கும் சொல் கேட்டிருந்தீர்கள். 1982இல் லூயிஸ் வெய்ன்ஸ்டீன் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. அப்படியே விட்டுவிடலாம்.

அட்டைக்கு நான் எழுதிய வாசகம் இது; திருத்துங்கள்: 'இரவில் உள்ளங்கை, உள்ளங்காலில் நமைச்சல்; தடிப்பு இல்லை. ஈரல் நமைச்சலாக இருக்கலாம். குழந்தைக்கு முடி வளர்வதால் அல்ல. அன்றே செவிலியரிடம் சொல்லுங்கள்.'

மூன்றாவது வரியைச் சேர்க்கச் சொன்னவர் அந்த மாமியார்.