கோத்தகிரி: யாரோ ஒருவர் என் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கிவிட்டார், இப்போது ஆன் செய்யலாமா?

தேயிலைமேடு (கோத்தகிரி), வியாழன் இரவு 9.40

வணக்கம். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை, போனில்தான் தட்டுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. அதோடு வீட்டை ஒட்டி இரண்டு அறை ஹோம்ஸ்டே நடத்துகிறோம். இன்று சாயங்காலம் பிரிண்டர் வேலை செய்யவில்லை. நெட்டில் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடி, மேலே முதலாவதாக வந்ததை இறக்கித் திறந்தேன். திரை முழுக்க நீலமாகிவிட்டது. நடுவில் சிவப்புப் பெட்டி, விடாமல் பீப் சத்தம், கணினி பூட்டப்பட்டது, அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று ஒரு குரல். கீழே போன் நம்பர். பயத்தில் கூப்பிட்டுவிட்டேன்.

பேசியவர் பெரிய கம்பெனி ஒன்றின் பெயரைச் சொன்னார். ஒரு செயலியை இறக்கச் சொல்லி, அதில் வந்த எண்ணைக் கேட்டார், கொடுத்தேன். அப்புறம் நான் மவுஸைத் தொடவே இல்லை, அம்புக்குறி தானாக நகர்ந்தது. வரிசை வரிசையாகச் சிவப்புக் குறிகள் உள்ள ஒரு பட்டியலைத் திறந்து, "இத்தனை வைரஸ்" என்றார். சரிசெய்ய 4,999 ரூபாய், நெட் பேங்கிங்கைத் திறங்கள் என்றார். யூசர் ஐடி அடித்துவிட்டேன். பாஸ்வேர்டு அடிக்கக் கை போனபோது கரண்ட் போய்விட்டது. காற்றில் எங்கோ லைன்மேல் கிளை விழுந்திருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி போன வருஷமே செத்துவிட்டதால் கணினி அப்படியே அணைந்தது. அவர் போனில் கத்திக்கொண்டே இருந்தார், நான் துண்டித்துவிட்டேன்.

இப்போது கரண்ட் வந்துவிட்டது, கணினியை ஆன் செய்யவில்லை. பட்டா, சிட்டா ஸ்கேன், மகனின் மார்க் ஷீட் எல்லாம் அதில்தான். தங்க வந்தவர்களின் ஆதார் படங்கள் மூன்று வருஷத்துக்கும் உள்ளன, சில பாஸ்போர்ட்டும். குரோமில் எல்லாப் பாஸ்வேர்டும் சேமித்திருக்கிறேன். வாட்ஸ்அப்பும் அதில் திறந்தே இருந்தது. கணினி 2015-இல் வாங்கியது, விண்டோஸ் 10. என்ன செய்யட்டும்?


ஊட்டி கணினிக்கடை, இரவு 9.58

அக்கா, ஆன் செய்யாதீர்கள். கடையில் இதே கதையோடு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலரும் கணினியைச் சரிசெய்ய முதலில் ஓடுவார்கள், அதற்குள் மெயில் கணக்கு திருடன் கைக்குப் போயிருக்கும். கணினி ஒரு வாரம் அணைந்தே கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. இன்று இரவு பார்க்கவேண்டியது வேறு.

கையில் இருக்கும் போனிலிருந்தே மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மெயில்தான் சாவிக்கொத்து. கேஸ் புக்கிங்கோ பிள்ளையின் பள்ளிக் கணக்கோ, எதில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினாலும் பெரும்பாலும் அங்கேதான் கடிதம் வரும். மாற்றியதும் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உங்கள் சாதனங்களின் பட்டியல் இருக்கும், அந்தக் கணினியை அதிலிருந்து வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். ஜிமெயில் அமைப்புகளில் ஃபார்வர்டு பகுதியையும் பாருங்கள். தெரியாத முகவரி ஒன்றை அங்கே சேர்த்துவிட்டால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் உங்கள் கடிதங்கள் அவனுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்து வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்று இருக்கும். எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். கணினியில் திறந்திருந்தது அதோடு மூடிவிடும்.

பிறகு ஏடிஎம் அட்டையின் பின்னால் உள்ள எண்ணில் வங்கியைக் கூப்பிட்டு நெட் பேங்கிங்கை நிறுத்தச் சொல்லுங்கள். வங்கியின் நம்பரை நெட்டில் தேடவேண்டாம், அங்கேயும் போலி நம்பர்கள் உண்டு. அப்புறம் 1930, சைபர் குற்றங்களுக்கான உதவி எண். பணம் போகாவிட்டாலும் நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

அந்தச் சிவப்புக் குறிகள் வைரஸ் அல்ல. விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. நன்றாக ஓடுகிற கணினியிலும் அதில் சிவப்பு இருக்கும், என் கடைக் கணினியிலும் இருக்கிறது. எந்த உண்மையான எச்சரிக்கையிலும் போன் நம்பர் வராது அக்கா. அந்த நீலத் திரை பெரும்பாலும் ஒரு வெறும் வலைப்பக்கம். எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், பிறகு ஆல்ட்டும் எஃப்4-உம் அழுத்தினால் மூடிவிடும்.


தேயிலைமேடு, இரவு 11.15

அண்ணா, ரொம்ப நன்றி. மெயில் மாற்றிவிட்டேன், மீட்பு எண் என்னுடையதுதான், ஃபார்வர்டில் யாரும் இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு சாதனங்கள் இருந்தன. ஒன்று மகனின் பழைய டேப். இரண்டையும் நீக்கினேன். வங்கியில் நிறுத்திவிட்டார்கள், பணம் எதுவும் போகவில்லை. 1930-இல் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு சந்தேகம். மெயிலுக்கு இரட்டைப் பூட்டு (பாஸ்வேர்டோடு ஓடிபியும்) போடலாம் என்றால் ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருகிறது. மழை நாளில் எங்கள் பக்கம் டவர் சரியாக எடுக்காது, மெயிலுக்குள்ளேயே போக முடியாமல் போய்விட்டால்? இன்னொன்று, கணினியை எப்போதுதான் ஆன் செய்வது?


கூடலூர் மழை, வெள்ளி காலை 7.20

டவர் பிரச்சினை எங்களுக்கும் உண்டு அக்கா. ஜூன், ஜூலையில் இங்கே ஓடிபி வருவதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். கூகுள் கணக்கில் "காப்புக் குறியீடுகள்" என்று 10 எண்கள் தருவார்கள். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். அத்தென்டிகேட்டர் செயலி போட்டால் இன்னும் நல்லது, அது டவரே இல்லாமல் போனுக்குள்ளேயே ஆறு இலக்க எண்ணைக் காட்டும்.

பாஸ்வேர்டுகளையும் நோட்டில் எழுதலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக எழுதலாம் என்பதுதான் என் கருத்து. ஒரே பாஸ்வேர்டை இருபது இடத்தில் போடுவதற்கு, இருபதையும் எழுதிப் பூட்டி வைப்பது எவ்வளவோ மேல். வெளியூர்த் திருடன் உங்கள் பீரோவைத் திறக்கப் போவதில்லை.


கொடைக்கானல் டீச்சர், வெள்ளி காலை 8.05

தங்கை, உங்கள் கணக்குகளைக் காப்பாற்றியாயிற்று. அந்த ஆதார் படங்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அவை உங்கள் பொருள் அல்ல, நம்பிக் கொடுத்தவர்களுடையவை.

எங்கள் வீட்டிலும் இரண்டு அறை விடுகிறோம். முன்பு எல்லோரிடமும் ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வோம். அது போன் கேலரியில் விழும், கூகுள் போட்டோஸுக்குப் போகும், அங்கிருந்து கணினிக்கும் போகும். ஒரு படம் நான்கு இடத்தில் உட்கார்ந்துவிடும். இப்போது வருகிறவர்களிடம் மறைக்கப்பட்ட ஆதார் கேட்கிறோம். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதை இறக்கலாம், முதல் 8 இலக்கங்கள் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். நேரில் அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் பெயர், ஊர், கடைசி 4 இலக்கம் எழுதிக்கொள்கிறோம். வெளிநாட்டவர் என்றால் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுத் தளத்தில் பதிவேற்றவேண்டும், அதற்குப் பாஸ்போர்ட் விவரம் தேவைதான். பதிவேற்றிய பிறகு அந்தப் படம் கணினியில் கிடக்கவேண்டாம்.

எதை எத்தனை நாள் வைக்கவேண்டும் என்று உங்கள் காவல் நிலையத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உள்ளதை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். வைத்தே ஆகவேண்டியதை ஒரு பென் டிரைவில் போட்டு அலமாரியில் பூட்டுங்கள்.

உங்கள் சொந்த ஆதாருக்கு: ஆதார் ஆணையத்தின் செயலியில் கைரேகை, கண் பதிவைப் பூட்டி வைக்கலாம். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் நாளில் மட்டும் திறந்தால் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன்.


குன்னூர் இளைஞன், வெள்ளி காலை 8.30

இவ்வளவு யோசனை எதற்கு? ஃபார்மேட் செய்து நல்ல ஆன்டிவைரஸ் ஒன்றை விலைக்கு வாங்கிப் போட்டால் முடிந்தது.


ஊட்டி கணினிக்கடை, வெள்ளி காலை 9.10

தம்பி, ஃபார்மேட் கடைசியில் வரட்டும். பட்டாவும் மார்க் ஷீட்டும் வேறெங்கும் நகல் இல்லாமல் உள்ளே இருக்கின்றன. முதலில் அவற்றை வெளியே எடுக்கவேண்டும். காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். அக்கா வீட்டில் நடந்ததை ஆன்டிவைரஸ் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தச் செயலி வைரஸே இல்லை, அலுவலகங்களில் தினமும் பயன்படுத்துவதுதான். கெட்டவன் கையில் எண் போனதுதான் பிரச்சினை.

அக்கா, இனி கணினிக்கு வரலாம். மோடத்தின் பவரை அணைத்துவிட்டு ஆன் செய்யுங்கள். அந்தச் செயலி கணினி எழுந்ததும் தானாக ஓடும்படி வைக்கப்பட்டிருக்கலாம், நெட் இல்லாவிட்டால் அவனால் உள்ளே வரமுடியாது. ஆவணங்கள், படங்களை மட்டும் பென் டிரைவில் எடுங்கள். நேற்று இறக்கிய எதையும் எடுக்காதீர்கள். எடுத்து முடித்ததும் பென் டிரைவைக் கழற்றி வையுங்கள்.

உங்கள் கணினி 2015-ஐச் சேர்ந்தது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவித்தார்கள், அதற்குப் பதிவு செய்யவேண்டும். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்பைப் பெரும்பாலும் ஏற்காது, உங்களுடையது சேராது. அப்டேட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் 2017-ஐத்தான் சொல்வேன். அந்த மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்திருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள்.

நீங்கள் மெயில், பில், பிரிண்ட் மட்டும்தான் பார்க்கிறீர்கள் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுங்கள். இலவசம், பழைய கணினியிலும் நன்றாக ஓடும், அப்டேட்டும் வரும். பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி மாற்றினால் வேகமும் கூடும்.


கூடலூர் மழை, வெள்ளி காலை 10.00

காப்பு எடுத்ததை வைக்கும் இடமும் முக்கியம் அக்கா. நான் ஒரு ஹார்டு டிஸ்க்கை ஜன்னலோர அலமாரியில் ஒரு மழைக்காலம் முழுக்க விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் உறையில் பூஞ்சை, யுஎஸ்பி வாயில் பச்சை. அதில் அப்பாவின் கடைசிப் பிறந்தநாள் படங்கள் இருந்தன, திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கைந்து போட்டு வைக்கிறேன். இன்னொரு நகல் கோயம்புத்தூரில் தங்கை வீட்டில் இருக்கிறது. நிலச்சரிவோ தீயோ வந்தால் ஒரே வீட்டில் இரண்டு நகல் வைத்துப் பயனில்லை.

டிஸ்க்கைக் கணினியில் செருகியபடியே விடாதீர்கள். பணம் கேட்டுப் பூட்டும் வகை வைரஸ் வந்தால் செருகியிருப்பதையும் சேர்த்தே பூட்டும். ஏப்ரல், மே மாத இடி மின்னலுக்கும் அதே பதில்தான்: பிளக்கையும் மோடம் அடாப்டரையும் கழற்றிவிடுங்கள்.


கொடைக்கானல் டீச்சர், வெள்ளி காலை 10.25

வைஃபையை யாரும் சொல்லவில்லை. தங்க வருகிறவர்களுக்கு வீட்டு பாஸ்வேர்டையே கொடுக்கிறீர்களா? ரூட்டர் அமைப்பில் "விருந்தினர் நெட்வொர்க்" இருந்தால் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு கொடுத்துவிடுங்கள், அவர்களுடைய போன் எதுவும் உங்கள் கணினிப் பக்கம் வராது. ரூட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு இன்னும் அட்மின் என்றே இருந்தால் அதையும் இன்றே மாற்றுங்கள். மகன் பயன்படுத்தத் தனிக் கணக்கு போடுங்கள், புதிதாக எதையும் நிறுவ உங்கள் பாஸ்வேர்டு கேட்கும்படி.


தேயிலைமேடு, ஞாயிறு மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை கடைசி பஸ்ஸுக்குள் ஊட்டி போய் அண்ணாவின் கடையிலேயே எஸ்எஸ்டி மாற்றி மின்ட் போட்டு வந்தோம். பட்டா, மார்க் ஷீட் எல்லாம் பத்திரம், எவர்சில்வர் டப்பாவில். குரோமில் சேமித்திருந்தவை 43 பாஸ்வேர்டுகள். வங்கி, மெயில், கேஸ் புக்கிங் என்று முக்கியமான 11 முடிந்தது, மீதியை ஒரு நாளைக்கு ஐந்தாக மாற்றுகிறேன். ஆதார் படங்கள் 212 இருந்தன. ஸ்டேஷனில் கேட்டுவிட்டு வந்து, தேவையில்லாததை நானும் மகனும் உட்கார்ந்து அழித்தோம். ஒவ்வொரு முகமாகப் பார்த்து அழிக்கையில் வயிற்றைக் கலக்கியது. போன மாதம் கைக்குழந்தையோடு வந்து தங்கிய குடும்பமும் அதில் இருந்தது.

பிரிண்டர் மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. டிரைவர் எங்கே எடுக்கட்டும்?


ஊட்டி கணினிக்கடை, ஞாயிறு மாலை 5.50

எங்கேயும் தேடவேண்டாம் அக்கா. யுஎஸ்பி வயரைச் செருகி, மின்டில் "பிரிண்டர்கள்" திறந்து "சேர்" அழுத்துங்கள். பெரும்பாலான பழைய பிரிண்டர்களை அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். கண்டுகொள்ளாவிட்டால், பிரிண்டர் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் கம்பெனியின் இணைய முகவரியைப் பிரவுசரின் மேலே எழுத்து எழுத்தாக அடித்துப் போங்கள். தேடலில் வருகிற விளம்பர வரியைத் தொடவேண்டாம்.


தேயிலைமேடு, ஞாயிறு மாலை 6.20

வந்துவிட்டது அண்ணா. முதலில் பட்டாவை இரண்டு நகல் எடுத்தேன்.