கலங்கல் தண்ணீரில் கயாக் ட்ரோலிங்: ஸ்ட்ரைப்பர் கடிக்கவே இல்லை, உதவுங்கள்

துடுப்புக்காரன் (ஏப்ரல் 20, இரவு 10.52)
அவசரமாக எழுதுகிறேன், நாளை சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும். மூன்று சனிக்கிழமை ஸ்ட்ரைப்பருக்காக (கோடுபோட்ட பாஸ் மீன்) கயாக்கில் போய் ட்ரோல் செய்துவிட்டேன் (லூரைப் பின்னால் இழுத்துக்கொண்டே போவது), ஒரு கடிகூட இல்லை. தண்ணீர் பால் விட்ட டீ மாதிரி இருக்கிறது. லூர் (செயற்கை இரை) நான்கு மாற்றிவிட்டேன். வேகம் 3 வைத்துத்தான் போகிறேன். பக்கத்தில் மோட்டார் படகுக்காரர்கள் பிடிப்பதைக் கண்ணால் பார்த்தேன். என்ன நிறம் போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

காலைப்பனி
எந்த ஆறு நண்பரே? ஹட்சனா, ரேரிட்டன் வளைகுடாவா? ட்ரெண்டனுக்குக் கீழே டெலவேர் என்றால் நியூ ஜெர்சி பக்கம் ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஸ்ட்ரைப்பர் பிடிக்க அனுமதி இல்லை, அதை முதலில் பாருங்கள். தண்ணீர் எத்தனை டிகிரி? எவ்வளவு ஆழம்? லைன் எவ்வளவு நீளம் விடுகிறீர்கள்? இதெல்லாம் தெரியாமல் நிறம் சொல்லிப் பயனில்லை.

கறுப்புலூர்
நான் சொல்கிறேன். கறுப்பு. அது கிடைக்காவிட்டால் கருஊதா. கலங்கலில் மீன் கீழேயிருந்து மேலே பார்க்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே ஒரு நிழல்தான் தெரியும். அந்த நிழல் அழுத்தமாக விழ வேண்டும். எட்டு வருடமாக வசந்தத்தில் நான் வேறு நிறம் தொட்டதில்லை.

சிலம்பொலி
நிறமெல்லாம் இரண்டாவது. ஒரு அடிக்கு மேல் தெரியாத தண்ணீரில் மீன், உடம்பின் இரு பக்கமும் அதிர்வை உணரும் பக்கக்கோட்டால்தான் இரையை உணரும். உள்ளே குண்டு உருளும் லூர், நன்றாக ஆடும் அகலமான உடம்பு, இவைதான் வேண்டும். ஊரில் மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் கொடுவா பிடித்தவர்களைக் கேளுங்கள், சத்தம் இல்லாத லூரைத் தொடவே மாட்டார்கள்.

கறுப்புலூர்
கொடுவா வேறு, ஸ்ட்ரைப்பர் வேறு. சத்தமே இல்லாத கறுப்பு லூரில் 40 அங்குலம் பிடித்திருக்கிறேன்.

மூத்ததூண்டில்
வருடா வருடம் ஏப்ரலில் இதே கேள்வி, இதே கறுப்பா சத்தமா சண்டை. தம்பி, "வேகம் 3" என்றால் என்ன? மணிக்கு 3 மைலா, 3 கிலோமீட்டரா? எதில் பார்த்தீர்கள்? ஓட்டத்தோடு போனீர்களா, எதிரே போனீர்களா? இந்த அடிப்படைகூடச் சொல்லாமல் கேள்வி கேட்டால் யார் பதில் சொல்ல முடியும்? முன்பே பலமுறை எழுதிவிட்டேன், தேடிப் படியுங்கள்.

துடுப்புக்காரன் (ஏப்ரல் 21, மதியம்)
மன்னிக்கவும் சார். ஹட்சன் ஆறு, கிங்ஸ்டன். ரோண்டவுட் ஓடை முகத்தில் இறங்கி எஸோபஸ் மெடோஸ் கலங்கரை விளக்கம் பக்கம் போவேன். பெடல் கயாக். தண்ணீர் 51 ஃபாரன்ஹீட். 6 அங்குல ஸ்டிக்பெய்ட் (ஒல்லியான மீன் வடிவ லூர்), ஏழெட்டு அடி ஆழம் போகும். ஃபிஷ் ஃபைண்டரில் 10 முதல் 14 அடிக்குள் பெரிய வளைவுகள், அதாவது மீன்கள், தெரிகின்றன. வேகம் போன் ஜி.பி.எஸ்ஸில் மணிக்கு 3 மைல். ஓட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே போவேன், அது திரும்பியதும் அதோடு திரும்பி வருவேன். கால் வலி மிச்சம்.

மூத்ததூண்டில்
இதைத்தான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். ஜி.பி.எஸ் காட்டுவது தரையைப் பொறுத்த வேகம். லூருக்குத் தரை தெரியாது, தண்ணீர்தான் தெரியும். ஹட்சன் ட்ராய் அணை வரை ஓதம் ஏறி இறங்கும் ஆறு. பனி உருகி வரும் இந்த மாதத்தில் வற்றத்தோடு (ஓதம் இறங்கும் ஓட்டம்) மேல்தண்ணீரும் சேர்ந்து ஓடும். ஓட்டம் 2 மைல் என்றால், நீங்கள் 3 மைலில் அதோடு போகும்போது லூர் தண்ணீருக்குள் 1 மைலில்தான் நகர்கிறது. ஸ்டிக்பெய்ட் அந்த வேகத்தில் ஆடாது, ஆழமும் போகாது. கட்டை மாதிரி மிதந்துகொண்டே வரும். மூன்று வாரமாக நீங்கள் ட்ரோல் செய்யவே இல்லை, லூரைக் கூட்டிக்கொண்டு ஊர்சுற்றியிருக்கிறீர்கள்.

எதிர்ப்பக்கம் போங்கள். ஜி.பி.எஸ்ஸில் 1 மைல்கூடக் காட்டாது, ஆனால் லூருக்கு 2, 2.5 கிடைக்கும். அப்புறம் ஓத அட்டவணையில் நீர் தாழும் நேரம் வேறு, ஓட்டம் நிற்கும் நேரம் வேறு. நீர் தாழ்ந்த பிறகும் வெகுநேரம் தெற்கே ஓடிக்கொண்டிருக்கும். நீரோட்ட அட்டவணை தனியாக இருக்கிறது, அதைப் பாருங்கள்.

காலைப்பனி
மூத்தவர் சொல்வது சரி. நான் ஒன்று சேர்க்கிறேன், எனக்கு இது இரண்டு சீசன் வீணாகிக் கற்றது. வசந்த வெள்ளத்தில் இலை, சுள்ளி, புல் எல்லாம் மிதந்து வரும். லூரில் ஒரே ஒரு இலை மாட்டினாலும் ஆட்டம் நின்றுவிடும், கயாக்கில் முன்னே பார்த்து மிதித்துக்கொண்டிருக்கும் நமக்குத் தெரியவே தெரியாது. அரை மணி நேரம் இலையை இழுத்துக்கொண்டு போயிருப்போம். அதனால் கம்பு நுனியைக் கண் முன்னால் தெரிகிற மாதிரி வையுங்கள். லூர் ஒழுங்காக ஓடினால் நுனி விடாமல் நடுங்கும். நடுக்கம் நின்றால் ஒன்று இலை, இல்லை வேகம் போதவில்லை. உடனே சுருட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, கலங்கரை விளக்கத்துக்கு மேற்கே சேற்றுத் திட்டு ஆழமில்லாமல் கிடக்கும், வெயிலில் சீக்கிரம் சூடாகும். அந்தத் திட்டு ஆழத்துக்கு இறங்கும் விளிம்பில் போங்கள். ஓடையின் கலங்கலும் ஆற்றுத் தண்ணீரும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும், அதையும் விட வேண்டாம். நடுக் கால்வாய்ப் பக்கம் மட்டும் போகாதீர்கள், ஆல்பனி போகும் கப்பலும் பார்ஜும் உங்களுக்காக நிற்காது.

நதிக்கரை
நடுவில் கேட்கிறேன். 51 டிகிரித் தண்ணீரில் என்ன உடுத்திக்கொண்டு போகிறீர்கள்?

துடுப்புக்காரன்
வேடர்தான் (மார்பு வரை வரும் நீர்புகாக் கால்சட்டை). மேலே லைஃப் ஜாக்கெட்.

நதிக்கரை
லைஃப் ஜாக்கெட் நல்லது. 21 அடிக்குக் குறைந்த படகில் நவம்பர் 1 முதல் மே 1 வரை நியூயார்க்கில் அது சட்டமும்கூட. ஆனால் வேடர் வேண்டாம். ட்ரைசூட் (உள்ளே தண்ணீர் புகாத முழு உடை) வாங்குங்கள்.

கறுப்புலூர்
பெல்ட் கட்டினால் வேடர் போதும். வேடரில் தண்ணீர் நிரம்பினால் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது கட்டுக்கதை. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை.

நதிக்கரை
மூழ்கடிக்காது, சரி. ஆனால் நிரம்பின வேடரோடு கயாக்கில் திரும்ப ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீரை விட்டு வெளியே வரும்போதுதான் அந்த எடை தெரியும். குளிர் தண்ணீருக்கு 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு. முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும், அப்புறம் 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும், 1 மணி நேரத்தில் நினைவு போகும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஏற முடியவில்லை என்றால்?

கறுப்புலூர்
ட்ரைசூட் விலை என்ன என்று தெரியுமா? வாங்க முடியாதவன் மீன் பிடிக்கவே கூடாதா?

நதிக்கரை
மே கடைசி வரை கரையிலிருந்து பிடிக்கலாம். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

மூத்ததூண்டில்
இந்த விவாத இழை லூரைப் பற்றியது. உடைக்குத் தனி இழை தொடங்குங்கள். ஆனால் நதிக்கரை சொல்வதுதான் சரி.

சிலம்பொலி
ஸ்டிக்பெய்ட் விட்டு ட்யூப் லூரில் (குழாய் வடிவ லூர்) கடற்புழு கோத்து இழுத்துப் பாருங்கள். மெதுவான வேகத்திலும் வேலை செய்யும், கலங்கலில் வாசனையும் சேரும்.

கறுப்புலூர்
புழு போட்டால் சர்க்கிள் ஹூக் (முனை உள்ளே வளைந்த தூண்டில் முள்) கட்டாயம், மறக்க வேண்டாம்.

மூத்ததூண்டில்
அரைகுறையாகச் சொல்ல வேண்டாம். வெறும் இரைக்குத்தான் சர்க்கிள் ஹூக். செயற்கை லூரில் இரை கோத்தால் அந்த விதி பொருந்தாது என்று அட்லாண்டிக் மாநிலங்களின் கடல்மீன் ஆணையம் 2021இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ட்யூபுக்குத் தாராளமாகப் புழு கோக்கலாம்.

காலைப்பனி
துடுப்புக்காரன், இந்தச் சனிக்கிழமை போனீர்களா?

துடுப்புக்காரன் (ஏப்ரல் 29)
போனேன். ஓட்டத்துக்கு எதிரே, திட்டு விளிம்பில். பழைய லூரேதான். கம்பு நுனி இரண்டு முறை நின்றது, இரண்டு முறையும் இலை. மூன்றாவது தடவை நடுக்கம் நிற்கவில்லை, கம்பே வளைந்துவிட்டது. 26 அங்குலம். 23 அங்குலத்துக்கும் 28 அங்குலத்துக்கும் இடையில் என்பதால் வைத்துக்கொள்ளலாம், ஆனாலும் முதல் மீன் என்று விட்டுவிட்டேன். அடுத்தது இன்னும் பெரிது, கயாக்கையே கொஞ்ச தூரம் இழுத்தது, பக்கத்தில் வந்து கழன்றுவிட்டது. கால் இன்னும் வலிக்கிறது. எல்லோருக்கும் நன்றி. ட்ரைசூட் பழையது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

கறுப்புலூர்
லூர் என்ன நிறம்?

காலைப்பனி
அப்படியே லைன் எவ்வளவு நீளம் விட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள், முதல் நாளே கேட்டது.