பார்சன்ஸ் ஜெனரேட்டர் கம்பெனி: தானாகச் செத்ததா, சாகடிக்கப்பட்டதா?

பேரேடு:

போன வாரம் மின்வெட்டு பற்றிய இழையில் ஒருவர், "பார்சன்ஸ் மாதிரியான கம்பெனியையே அரசியல்வாதிகள் கொன்றுவிட்டார்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். அங்கே பதில் சொன்னால் திசை மாறும் என்பதால் இந்தத் தனி இழை. என் கட்சி நேர் எதிர். அது தானாக வரவழைத்துக்கொண்ட சாவு.

கதை தெரியாதவர்களுக்கு: சார்லஸ் பார்சன்ஸ் 1884இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில், கிளார்க் சாப்மன் என்ற கம்பெனியில் இளைய பங்குதாரர். அங்கே இருந்தபடிதான் நீராவி டர்பைனையும் அதே தண்டில் நேராகப் பூட்டிய டைனமோவையும் செய்தார். 1889இல் பங்காளிகளோடு முறிந்தது. ஆற்றுக்கு அக்கரையில், நியூகாசிலின் ஹீட்டன் பகுதியில் சொந்தத் தொழிற்சாலை போட்டார். அவர் 1931இல் இறந்தார்; கம்பெனி ஓடியது. 1968இல் ரேரோல் கம்பெனியோடு இணைந்தது, 1977இல் என்.இ.ஐ. என்ற கூட்டுக்குள் போனது, 1989இல் ரோல்ஸ்-ராய்ஸ் கைக்கும் 1997இல் சீமென்ஸ் கைக்கும் மாறியது. டர்போ ஜெனரேட்டரை உலகத்துக்குக் கொடுத்த வீடு கடைசியில் ஜெர்மன்காரரிடம் போய்ச் சேர்ந்தது.

ஏன்? ஒரே பொருள், ஏறக்குறைய ஒரே வாடிக்கையாளர். பிரிட்டனின் மத்திய மின் உற்பத்தி வாரியம் வாங்கினால் அடுப்பு எரியும், வாங்காவிட்டால் அணையும். 1960களில் வாரியம் அள்ளிக்கொண்டு போனது, 1970களில் நிறுத்திவிட்டது. 1976இல் அரசின் கொள்கை ஆய்வுக் குழுவே டர்பைன் கம்பெனிகள் இரண்டும் ஒன்றாகட்டும் என்று அறிக்கை கொடுத்தது. மற்றது ஜி.இ.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனி (அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் வேறு). அது ஏற்கெனவே 1967இல் ஏ.இ.ஐ., 1968இல் இங்கிலிஷ் எலக்ட்ரிக் என்று இரண்டு மின்கருவிக் கம்பெனிகளை விழுங்கியிருந்த பெரிய மீன். ஹீட்டன் மாட்டேன் என்றது. நிர்வாகமும் சங்கமும் ஒரே குரலில் மாட்டேன் என்றன. இதற்கு வீம்பு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஷிப்ட் இன்சார்ஜ்:

பேரேடு ஐயா, கணக்குப் புத்தகத்தில் நீங்கள் புலி என்பது இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். டர்பைன் ஹாலுக்குள் ஒருநாள் வந்து நின்றிருக்கிறீர்களா? நான் அனல்மின் நிலையங்களில் முப்பத்தொரு வருடம் கழித்தவன். சில வருடங்கள் உத்தரப் பிரதேசத்து ரிஹந்தில். அங்கே முதல் கட்டத்தின் இரண்டு 500 மெகாவாட் அலகுகளும் பிரிட்டிஷ் உதவிப் பணத்தில் என்.இ.ஐ. கட்டிக்கொடுத்தவை. அதனால் எனக்கு இது கொஞ்சம் சொந்த விஷயம்.

"ஒரே பொருள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு பொருள் என்னவென்று பார்ப்போம். 1884இன் முதல் இயந்திரம் நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடியது. அந்தக் காலத்து டைனமோ 1,500ஐத் தொட்டாலே வேகம் என்பார்கள். டர்பைனைக் கண்டுபிடித்துவிட்டுப் போய்விட முடியாது, அதன் வேகத்தைத் தாங்கும் டைனமோவையும் அவரேதான் செய்ய வேண்டியிருந்தது. டைனமோவில் சுழலும் பாகமான ஆர்மேச்சரின் ஆரம் 4 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு கிராம் செம்பும் 14 கிலோ கனத்தோடு வெளியே பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அது சிதறாமல் இருக்க, சுருள்களின் மேல் கம்பியை நெருக்கமாக வரிந்து கட்டினார். பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவோமே, அதுபோல. ஆனால் அவிழவே கூடாத சாட்டை. இவ்வளவு பாட்டுக்கும் கிடைத்தது சுமார் 7.5 கிலோவாட். இன்று ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் இதைவிட அதிகம் கொடுக்கும்.

அங்கிருந்து எப்படிப் போனார்கள் பாருங்கள். 1890இல் நியூகாசிலின் போர்த் பேங்க்ஸ் மின்நிலையத்தில் தலா 75 கிலோவாட். 1900இல் ஜெர்மனியின் எல்பர்ஃபெல்ட் நகருக்கு 1,000 கிலோவாட் அலகுகள். 1912இல் சிகாகோவின் பிஸ்க் தெரு நிலையத்துக்கு 25,000 கிலோவாட். ஜெனரல் எலக்ட்ரிக்கும் வெஸ்டிங்ஹவுஸும் இருக்கிற நாட்டுக்காரன் கடல் கடந்து ஹீட்டனில் வந்து வாங்கினான்.

ஆர்டர் நின்றதற்குக் கம்பெனி என்ன செய்யும்? மின் தேவை ஏறிக்கொண்டே போகும் என்று தப்புக் கணக்குப் போட்டது வாரியமும் அரசும். அறுவடைக்கு ஊரையே கூப்பிட்டு வேலை வாங்கிவிட்டு, அடுத்த மூன்று போகத்துக்கு வயலைத் தரிசாகப் போட்டால், கூலியாளைச் சோம்பேறி என்பீர்களா?

பேரேடு:

ஆர்மேச்சர் கணக்கு அருமை, குறித்து வைத்துக்கொண்டேன். ஆனால் 1884இன் சாமர்த்தியத்தைக் காட்டி 1977இன் சம்பளப் பட்டுவாடா நடக்காது.

அரசு கைவிட்டது என்கிறீர்கள். இங்கிலாந்தின் டிராக்ஸ் அனல்மின் நிலையத்தை மறந்துவிட்டீர்களா? அதன் முதல் பாதியில் மூன்று 660 மெகாவாட் அலகுகள், பார்சன்ஸ் செய்தவை. இரண்டாம் பாதியை அப்போது கட்ட வாரியத்துக்கு விருப்பமே இல்லை. ஹீட்டனில் வேலை போய்விடக் கூடாது என்பதற்காக 1977இல் அரசு வற்புறுத்தி அந்த ஆர்டரை வாங்கிக் கொடுத்தது. அப்போது எரிசக்தி அமைச்சர் டோனி பென். அந்த இரண்டாம் பாதி முழுதாக முடிந்தது 1986இல். நான் அதை ஆர்டர் என்று சொல்ல மாட்டேன், சலைன் பாட்டில் என்பேன். சலைன் ஏறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலாவது வேறு தொழில் தேடியிருக்க வேண்டாமா? 1990களில் பிரிட்டனில் எல்லோரும் எரிவாயு டர்பைனுக்கு ஓடியபோது சந்தையை எடுத்துக்கொண்டவர்கள் ஜெனரல் எலக்ட்ரிக்கும் சீமென்ஸும்.

இன்னொன்று. பார்சன்ஸ் தன் தொழில்நுட்பத்தைத் தானே விற்றார். அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் உரிமம் வாங்கியது, சுவிட்சர்லாந்தில் பிரவுன் போவேரி வாங்கியது. வாங்கியவர்கள் வளர்ந்து அவருக்கே போட்டியாக வந்தார்கள். கன்றுக்குட்டியை விற்ற காசில் வாழ்ந்தவர், அது மாடானபின் முட்டுகிறதே என்றால் எப்படி?

மழைக்குருவி:

இரண்டு பேரும் 1977ஐப் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள். எனக்கு இந்தக் கம்பெனியில் உறுத்துவது 1918தான்.

பார்சன்ஸுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் ரேச்சல் கேம்பிரிட்ஜில் இயந்திர அறிவியல் படித்த முதல் பெண்களில் ஒருவர். முதல் உலகப் போருக்குத் தம்பி போனதும் ஹீட்டனின் இயக்குநர் குழுவில் அவர் இடத்தில் ரேச்சல் உட்கார்ந்தார். தொழிற்சாலைக்குள் வந்த பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் பார்த்தார். 1918இல் தம்பி போர்முனையில் இறந்தான். இனி வாரிசு ரேச்சல்தான் என்று நாம் நினைப்போம். போர் முடிந்ததும் அந்த நாற்காலி அவருக்கு நிலைக்கவில்லை. 1919இல் போருக்கு முந்தைய நடைமுறையை மீட்கும் சட்டம் வந்தது. லேத்திலும் சுருள் கட்டும் மேசையிலும் நின்ற பெண்களை அது வீட்டுக்கு அனுப்பியது. அதே ஆண்டு ரேச்சலும் தாய் கேத்தரினும் வேறு சில பெண்களும் சேர்ந்து பெண் பொறியாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் ரேச்சல். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது.

கையில் இருந்த வாரிசை வேண்டாம் என்ற வீட்டுக்கு, பிறகு வாரிசு இல்லாமல் போனதில் என்ன ஆச்சரியம்? பேரேடு சொல்லும் வீம்பு இருந்தது உண்மைதான். அவர் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஷிப்ட் இன்சார்ஜ்:

மழைக்குருவி, ரேச்சல் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் 1918இல் எடுத்த முடிவுக்கும் 1970களின் ஆர்டர் வறட்சிக்கும் முடிச்சுப் போடுவது அதிகப்படி. இடையில் அந்தக் கம்பெனி ஐம்பது வருடம் கொடிகட்டிப் பறந்திருக்கிறது.

கரண்ட் கம்பம்:

குறுக்கே ஒரு சந்தேகம். இழைத் தலைப்பில் ஜெனரேட்டர் என்று இருக்கிறது, எல்லோரும் டர்பைனையே பேசுகிறீர்கள். ஜெனரேட்டரில் பெரிதாக என்ன இருக்கிறது? செம்பும் இரும்பும்தானே? யார் செய்தாலும் ஒன்றுதானே?

ஷிப்ட் இன்சார்ஜ்:

இப்படிக் கேட்டதற்கு உங்களை ஒரு ஓவர்ஹாலுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும்.

பெரிய ஓவர்ஹாலில், ஜெனரேட்டரின் சுழலும் தண்டான ரோட்டரை உருவி வெளியே எடுப்போம். பல டன் எடை. அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் கூடான ஸ்டேட்டருக்கும் அதற்கும் இடையே விரல்கள் நுழையும் அளவுதான் சந்து. ரோட்டரை எடுத்தபின் ஒருவர் ரப்பர் பாயை விரித்து ஸ்டேட்டருக்குள் தவழ்ந்து போவார். சட்டைப்பையில் பேனா இருக்கக் கூடாது, மோதிரம் கூடாது, கொண்டுபோகும் கருவிகளை வாசலில் ஒருவர் எண்ணி நோட்டில் எழுதுவார். உள்ளே காடி காடியாகச் செம்புப் பட்டைகள். அவற்றை இறுக்கிப் பிடிக்க ஒவ்வொரு காடியின் வாயிலும் ஆப்பு. உள்ளே போனவர் சின்னச் சுத்தியலால் ஆப்பு ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே போவார். இறுக்கமாக இருந்தால் கணீர் என்று கேட்கும். தளர்ந்திருந்தால் பழுத்த பலாவைத் தட்டியதுபோல் பொத்தென்று கேட்கும். தளர்ந்த ஆப்பை விட்டுவைத்தால் பட்டை அதிரும், காப்பு தேயும், ஒருநாள் உள்ளேயே பொறி அடித்து முழு அலகும் நின்றுவிடும். ரிஹந்தில் நான் தட்டிய வரிசையில் பொத்தென்ற சத்தம் அபூர்வம். யார் செய்தாலும் ஒன்றா என்றால், என் காது ஒத்துக்கொள்ளாது.

பேரேடு ஐயாவுக்கு: ஜி.இ.சி.யோடு சேர்ந்திருந்தால் பிழைத்திருக்குமா? ஜி.இ.சி.யின் மின் தொழில் 1989இல் பிரெஞ்சு அல்ஸ்தோமோடு கலந்தது. அந்தக் கூட்டின் மின்நிலையத் தொழிலை 2015இல் அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கிவிட்டது. ஹீட்டன் ஜெர்மன்காரரிடம் போகாமல் பாரிஸ் வழியாக அமெரிக்கா போயிருக்கும். பயணச் சீட்டு வேறு, சுடுகாடு ஒன்றே.

பேரேடு:

அல்ஸ்தோம் வாதத்துக்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இருபது வருடம் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்றே சொல்வேன். இருபது வருடச் சம்பளம் சின்னத் தொகை அல்ல.

தலைப்பில் "செத்ததா" என்று போட்டது மிகை. சீமென்ஸ் வாங்கியபிறகும் ஹீட்டனில் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. திருத்த முடியவில்லை, இழையில் பதில் வந்துவிட்டால் தலைப்பு பூட்டிக்கொள்கிறது.

மழைக்குருவி:

முதல் பதிவில் நீங்கள் என்.இ.ஐ. என்று மூன்று எழுத்தில் தாண்டிப் போய்விட்டீர்கள். 1977இல் அந்தக் கூட்டில் ரேரோல் பார்சன்ஸோடு சேர்ந்த இன்னொரு கம்பெனி எது? கிளார்க் சாப்மன்! 1889இல் பார்சன்ஸ் கோபித்துக்கொண்டு வெளியேறிய அதே வீடு. அவர் வெளியேறியபோது காப்புரிமையைக்கூட அவர்கள் விடவில்லை. நீராவி தண்டின் நீளவாக்கில் பாயும் தன் சொந்த வடிவத்தையே அவர் செய்யக் கூடாது. வேறு வழியில்லாமல், தண்டிலிருந்து விலகிப் பக்கவாட்டில் பாயும் டர்பைனைச் செய்து ஐந்து வருடம் ஓட்டினார். 1894இல்தான் காப்புரிமை திரும்பக் கைக்கு வந்தது. எண்பத்தெட்டு வருடம் கழித்து இரண்டு பெயரும் ஒரே பலகைக்குக் கீழ். அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

பேரேடு:

பார்த்தீர்களா, வீம்பு என்றேனே! ஜி.இ.சி.யை வேண்டாம் என்றவர்கள் பழைய பங்காளியைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

ஷிப்ட் இன்சார்ஜ்:

பங்காளிச் சண்டை ஊருக்குள் தீர்ந்தது என்று ஏன் பார்க்கக் கூடாது? விடுங்கள், இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம்.

கரண்ட் கம்பம்:

ஆப்பு விளக்கத்துக்கு நன்றி ஐயா, தவறாகக் கேட்டுவிட்டேன். ஆனால் அந்த 4 சென்டிமீட்டர் நீங்களாக வைத்துக்கொண்டதுதானே? 3 என்றால் 14 கிலோ பத்தரையாகக் குறைந்துவிடும்.

ஷிப்ட் இன்சார்ஜ்:

சரியான பிடி. முதல் இயந்திரம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மார்கழியில் மகள் வீட்டுக்குப் போகிறேன். தொட விடமாட்டார்கள். பக்கத்தில் பேத்தியை நிறுத்திப் படம் எடுத்து, அவள் உள்ளங்கையை அளவுகோலாக வைத்துச் சொல்கிறேன்.