உள்ளே இருப்பது இலவம் பஞ்சா, வேறா?

வணக்கம் நண்பர்களே. மிச்சிகனில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கடற்படை லைஃப் ஜாக்கெட் ஒன்று எங்களிடம் வந்திருக்கிறது. நீலச்சாம்பல் நிறப் பருத்தித் துணி, உள்ளே பஞ்சு.

அந்தப் பஞ்சுதான் என் கேள்வி. முதலில் இவற்றில் ஜாவாவிலிருந்து வந்த இலவம் பஞ்சைத்தான் அடைத்தார்கள். நம் வீட்டுத் தலையணையில் இருந்த அதே வகைப் பஞ்சு! இழை குழாய்போல உள்ளீடற்றது, மேலே மெழுகுப் பூச்சு, அதனால் தண்ணீர் ஏறாது. 1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் வரத்து நின்றது. அப்புறம் மில்க்வீட் பஞ்சு வந்தது. நம்ம எருக்குக்குச் சொந்தக்காரச் செடி. 1944-இல் பள்ளிப் பிள்ளைகள் அதன் காய்களைச் சாக்கு சாக்காகப் பறித்துக் கொடுத்தார்கள். இரண்டு சாக்கு ஒரு உயிரைக் காக்கும் என்பது அப்போதைய முழக்கம். இங்கே பெட்டோஸ்கியில்தான் அதைப் பதப்படுத்தினார்கள். எங்களுடையதும் அப்படியானதாக இருந்தால், அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறிப்பட்டையில் எழுத வேண்டும்.

தையலைப் பிரிக்க மனமில்லை. ஓரத்தில் ஒரு கிழிசலில் நாலைந்து இழை நீட்டிக்கொண்டிருக்கிறது. நுண்ணோக்கியில் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? துணிப் பாதுகாப்பு, தாவரவியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தொங்கவிடலாமா, படுக்க வைப்பதா என்பதும் தெரிய வேண்டும். தோள்பட்டைத் தையல் நைந்திருக்கிறது.